வேலைக்குப் போகும் அம்மாக்களும் ஆமென் அங்கிளும்

கண்ணை மூடிக்கொண்டு மனிதர்களைத் திட்டுவதில் ஆமென் அங்கிளை மிஞ்ச டெக்சாஸ் மாநிலத்தில் ஆள் கிடையாது. கண்ணைத் திறந்துகொண்டு திட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். ஜெபத்தில் திட்டுகிறவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் நம்மிடம் பேசவே இல்லையே, ஆண்டவரிடம் அல்லவா பேசிக்கொண்டிருக்கிறார்!

நாங்கள் அங்கே சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்த காலம் அது, தொண்ணூறுகளின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக்காரர்கள் ஆராதனை முடித்துவிட்டுப் போன பிறகு, சாயங்காலம் அதே சர்ச்சின் பின்பக்க ஹாலில் எங்கள் தமிழ் ஐக்கியம் கூடும். பாட்டு, பிரசங்கம், அப்புறம் ஜெப வேளை, அப்புறம் சாப்பாடு. ஜெப வேளையில் யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம். ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கிடக்கூடாது. அவர் ஆமென் சொன்னால்தான் நாமும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கலாம், தட்டைத் தூக்கலாம். இந்த ஏற்பாட்டின் முழுப் பலனையும் அனுபவித்தவர் அங்கிள் ஒருவர்தான். எங்கள் பிரியாணி சூடாக இருப்பதும் ஆறிப்போவதும் அவருடைய ஆமென் கையில் இருந்தது. பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சு அசல் நெல்லைத் தமிழ். ஜெபிக்க ஆரம்பித்தால் மட்டும் பழைய வேதப் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்.

“கிருபையுள்ள பிதாவே, ஹால் வாசலை மறித்துச் சாம்பல் நிற வேனை நிறுத்தியிருக்கிற அந்தச் சகோதரனுடைய இருதயத்தோடு பேசும்” என்பார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிடும். ஆள் போய், வேன் நகர்ந்து, கதவு சாத்தி, அவர் திரும்பி வந்து உட்காரும்வரை ஸ்தோத்திரத்தை இழுத்துக்கொண்டே இருப்பார். இன்னொரு வாரம், “கடையில் வாங்கின சமோசாவை வீட்டில் செய்ததென்று சொல்லுகிற நாவுகளை மன்னியும்.” அன்றைக்கு சமோசா கொண்டுவந்தவர் ஒரே ஒரு பெண்மணி. பாவம், அதற்குப் பிறகு அவர் தயிர் மட்டும்தான் கொண்டுவந்தார்.

இதெல்லாம் தொட்டுக்கொள்ள. அங்கிளின் சாப்பாடு, வேலைக்குப் போகும் அம்மாக்கள். பெற்றவள் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் தேவ சித்தம், டேகேர் என்பது அந்நியர் கை. வாரம் தவறாமல் இதை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்துவார். ஆபீஸ் போகும் பெண்களெல்லாம் கண்ணை மூடியபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவி முழுநேர நர்ஸ்! நர்ஸ் விசாவில் ஆன்ட்டி அமெரிக்கா வந்தார். ஆன்ட்டிக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கிள் வந்தார். ஆன்ட்டி ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் ஷிஃப்டாக உழைக்க, மூன்று பெண் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஜடை பின்னி, லஞ்ச் கட்டி, ஸ்கூல் பஸ் ஏற்றி வளர்த்தவர் இவர். அந்த வட்டாரத்தில் இவரைப் போல ஜடை பின்ன ஆள் கிடையாது. எங்கள் ஐக்கியத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், அங்கிள் ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி நிற்க, சின்னப் பெண்கள் வரிசையில் காத்திருப்பார்கள்.

“அங்கிள், ஆன்ட்டியும்தானே வேலைக்குப் போறாங்க?” என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

“எம்மா, அது வேலையா? அது ஊழியம்லா!”

ஊழியம் எது, வேலை எது என்று அவரிடம் தெளிவான சட்டம் இருந்தது. நர்ஸ், டாக்டர், டீச்சர் எல்லாம் ஊழியம். பல் டாக்டர் பற்றி ஒரு வாரம் யோசித்து, “பாதி ஊழியம்” என்று தீர்ப்புச் சொன்னார். அக்கவுண்டன்ட் என்றால் வேதத்தில் வரி வசூலிக்கிற ஆயக்காரன் தொழில். கம்ப்யூட்டரா? அதற்கு எந்தப் பெயரும் கொடுக்காமல் உதட்டைப் பிதுக்குவார். நான் கம்ப்யூட்டர்.

விடுவேனா? “வேதத்துல குணசாலியான பொண்ணுன்னு ஒருத்தி வர்றாளே, அவ வயல் வாங்கறா, துணி நெய்து யாவாரம் பண்றா. அவளை என்ன சொல்றீங்க?”

அங்கிள் அசரவில்லை. “எல்லாம் சரிதான். அவளுக்கு ஃப்ரீவே உண்டா? காலைல ஏழு மணிக்குப் போயி டிராஃபிக்ல நின்னாளா? வீட்டைச் சுத்தியே யாவாரம் பாத்துக்கிட்டா!”

இந்த மனிதரோடு மல்லுக்கட்ட முடியுமா, சொல்லுங்கள்.

அந்த வருஷம்தான் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது என் லீவு முடிந்தது. அதற்குள் என் கணவரின் கான்ட்ராக்ட் வேலை போய், அவர் இன்டர்வியூவுக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். ஆக, எங்கள் இரண்டு பேரின் விசாவும் கிரீன் கார்டும் என் ஒருத்தி வேலையில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் உளறும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம், அதைத் திருத்துகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வேலை போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். வேலைக்குப் போனால், நாளெல்லாம் யாரோ தூக்கி வளர்க்கிற பிள்ளைக்கு நான் யார்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வெளியே மட்டும் தைரியசாலி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெப வேளையில் அங்கிள் எழுந்தார்.

“பரிசுத்தமுள்ள தகப்பனே! பச்சிளங்குழந்தையை அந்நியர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு, இரண்டாயிரமாம் வருஷத்தைத் திருத்தப் போகிறேன் என்று புறப்படுகிற எங்கள் சகோதரியைக் கண்ணோக்கிப் பாரும். வருஷங்களை உண்டாக்கினவர் நீரல்லவா? உமக்குத் திருத்தத் தெரியாதா? நாளைக் காலையில் அவளுடைய கார் ஸ்டார்ட் ஆகாதபடி தேவரீர் கிரியை செய்யும். ஆமென்!”

காரா? என் காரா? எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மற்றவர்கள் ஆமென் சொல்லி முடிப்பதற்குள், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். ஜெபத்துக்குப் பதில் ஜெபம்தான்!

“அன்புள்ள ஆண்டவரே,” என்று ஆரம்பித்தேன், “நாளைக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஜெபம் பண்ணினவரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி ஏவும். அவர் வருவார். ஏனென்றால் அவர் நல்ல தாய். மூன்று பிள்ளைகளுக்கு ஜடை பின்னினவர் யார், மீன் குழம்பு வைத்தவர் யார், காய்ச்சலில் கண்விழித்தவர் யார் என்று உமக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் தாய்க்கு எங்கள் நடுவில் இப்படி ஒரு மாதிரியை மீசையோடு வைத்திருக்கிறீரே, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம். ஆமென்!”

எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்த ஆன்ட்டியின் குரல் கணீரென்று கேட்டது. “ஆமென்!”

அன்றைக்கு நாங்கள் பிரியாணியைச் சூடாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை. என் கணவர் டல்லாஸில் இன்டர்வியூவுக்காக விடியும்போதே நண்பர் காரில் கிளம்பிவிட்டார். முந்தின ராத்திரி தன் ஃபைலை எடுக்க எங்கள் காரைத் திறந்து, உள்ளே விளக்கைப் போட்டவர் அணைக்கவில்லை. நான் பாப்பாவை சீட்டில் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன், டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். செத்த பேட்டரி! போதாக்குறைக்குப் பாப்பா நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. காய்ச்சல் என்றால் டேகேரில் வாசற்படியே ஏற விடமாட்டார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தில்தான் போனை எடுத்தேன்.

“அங்கிள், ஸ்தோத்திரம். உங்க ஜெபம் கேக்கப்பட்டிருச்சு. கார் ஸ்டார்ட் ஆகல!”

அந்தப் பக்கம் மிகவும் மெல்லிய குரலில், “நெசமாவா?” என்றார்.

லுங்கியும் கிரிக்கெட் தொப்பியுமாகப் பறந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அதுவரை அத்தனை ஜெபித்தாரே, ஒன்றுகூட இவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்டதில்லை போலிருக்கிறது. “நான் சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன்மா, ஆண்டவரு இப்படி உடனே எடுத்துக்கிடுவாருன்னு கண்டேனா?” என்று புலம்பிக்கொண்டே தன் கார் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்கு ஜம்பர் கேபிளை மாட்டினார். என் கார் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. நான் நகரவில்லை.

“என்ன நிக்க? போ.”

“பாப்பாவுக்கு ஜுரம் அங்கிள். டேகேர்ல எடுத்துக்க மாட்டாங்க. விடுங்க, நான் போகல. நீங்க கேட்டது முழுசா கிடைச்சிருச்சு.”

அங்கிள் பாப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். “கொண்டா இங்க. அச்சச்சோ, மேலெல்லாம் சுடுதே எங்க ராசாத்திக்கு. நீ கெளம்பு.”

“அங்கிள், நான் போறது வேலைக்கு. ஊழியம் இல்ல.”

“இப்ப எதுக்கு நின்னு வாதாடுத? ஃப்ரீவே அடைச்சிரும், போ!”

போனேன். அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் போய்க்கொண்டே இருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் பாப்பா டேகேருக்குப் போகவில்லை. அங்கிள் விடவில்லை. அந்நியர் கை கூடாதாம்! ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழையபடி வேலைக்குப் போகும் தாய்மாரைப் பிடித்துக்கொள்வார். என் பக்கம் வரும்போது, “சிலருடைய சூழ்நிலையைத் தேவரீர் அறிவீர்” என்று அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் பாப்பாவை அழைத்துவர அங்கிள் வீட்டுக்குப் போனபோது நேராகவே கேட்டேன். “அங்கிள், வேலைக்குப் போற எங்க மேல உங்களுக்கு என்னதான் கோவம்?”

“கோவமா? யார் சொன்னா?” அங்கிள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். “என் பிள்ளையளு தவழ்ந்தது, நடந்தது, விழுந்தது எல்லாத்தையும் முழுசா பாத்தவன் நான். ஆன்ட்டி டியூட்டி முடிஞ்சு வந்து, இன்னைக்கு என்ன செஞ்சாளுவன்னு கேட்டுக் கேட்டு அழுவா. எனக்குக் கெடச்சது அவளுக்குக் கெடைக்கலையேன்னு இருக்கும். அதான் எல்லாத் தாய்மாருக்கும் கெடைக்கட்டும்னு கேக்கேன்.”

யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். “நான் அழுதது வாஸ்தவம். வேலைய விடணும்னு என்னைக்காவது அழுதேனா? நம்பி விட்டுட்டுப் போக வீட்ல நீங்க இருந்தியோ. அதுக்கும் சேத்துத்தான் அழுதேன்.”

அங்கிள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பாவுக்கு ஒரு வயது நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முழுக்க அமைதியாக இருந்த நேரம் என் மடியில் இருந்தவள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அங்கிளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ஹால் அதிர, “அம்மா!” என்றாள்.

அதுதான் அவளுடைய முதல் வார்த்தை. மீசை வைத்த மனிதரைப் பார்த்து! அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மூன்று மாதப் பிள்ளையோடு நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அங்கிள் வெலவெலத்துப் போய் ஓடி வந்தார். “எம்மா, சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல! தினமும் உன் போட்டோவைக் காட்டி, இதுதான் அம்மா, இதுதான் அம்மான்னு சொல்லித்தான் சோறு ஊட்டுதேன். இவ போட்டோவைப் பாக்காம என் வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா!”

எனக்கு வலிக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். வலிக்கவில்லை. நான் இல்லாத பகலெல்லாம் என் பிள்ளை என் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள்! அவளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

“கூப்பிட்டுட்டுப் போறா விடுங்க அங்கிள். ஒரு அம்மா வேலைக்குப் போனா என்ன, ஒரு அம்மா வீட்ல இருக்காங்க இல்ல?”

அங்கிள் குனிந்துகொண்டார்.

கிரீன் கார்டு வந்தது, வீடு மாறினோம், பாப்பா வளர்ந்து இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழிலேயே தங்கிவிட்டது. அங்கிள் வீட்டுக்குப் போய் அவள் “அம்மா” என்று குரல் கொடுத்தால் நானும் அங்கிளும் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்போம். எனக்கு ஒருநாளும் குறையாகத் தோன்றியதில்லை. என் பிள்ளையில் பாதியை அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் கொடுத்திருக்கவே மாட்டேன்.