அடிமட்டத்தாரின் அலுமினியம்

சாவகச்சேரியில் பிறந்தவர்களுக்குள், அடுத்தவனுக்குக் கொதி ஏற்றுவதில் அடிமட்டத்தாரை வெல்ல ஒருவரும் இல்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

சட்டைப் பையில் எந்நேரமும் கோடு கீறுகிற ஓர் இரும்பு அடிமட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். ரேடியோ திருத்துவார், அம்பிளிபயர் கட்டுவார். தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் மேசைமேல் அடிமட்டத்தை நிறுத்தி, கீழால் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தெரிந்தால் மேசை மட்டமில்லை என்று முதலாளிக்கு ஏச்சு விழும்.

எண்பத்தைந்தில் நான் அவரிடம் அகப்பட்டேன். அப்போது ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பொன்றில் ரசாயனம் படிப்பித்தேன். ஓலைக் கொட்டில், இருநூறு பிள்ளைகள். கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கேட்கக் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் இப்படிக் கத்தினால் குரல் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குரல் போனால் என் பிழைப்பும் போச்சு. கடையில் ஒரு அம்பிளிபயர் வாங்கியிருக்கலாம். என் கெட்ட காலம், ரியூட்டரிக்கு நேரெதிரில் அடிமட்டத்தாரின் வீடு. அவரிடமே ஒன்று கட்டித் தரக் கேட்டேன்.

"இரண்டு கிழமையில தாறன், மாஸ்ரர்" என்றார்.

சொன்னபடி பதினாலு நாளில் எல்லாம் முடிந்திருந்தது, ஓர் அலுமினியத் துண்டைத் தவிர. அம்பிளிபயரில் உள்ள ரான்சிஸ்ரர் வேலை செய்தால் சுடும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே விட, அதைச் செதில் செதிலான ஓர் அலுமினியத் துண்டில் இறுக்கிப் பூட்டுவார்கள். ஹீற்சிங் என்று பெயர். பூட்டிவிட்டுத் தந்தால் என்ன? மனிதர் அதன்மேல் அடிமட்டத்தை நிறுத்தினார்.

"பாரும், வெளிச்சம் தெரியுதோ?"

"இல்லையே, அண்ணை."

"உமக்குக் கண்ணும் போச்சு! மயிரளவு பள்ளம் கிடக்கு. அதுக்குள்ள காத்து நிக்கும். காத்து சூட்டைக் கடத்துமோ? ரசாயனம் படிப்பிக்கிற நீரே சொல்லும்!"

அது பௌதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் எழும்பவில்லை.

தடித்த கண்ணாடிமேல் அரத்தாளை ஒட்டி அலுமினியத்தைத் தேய்ப்பார். பிறகு வேறொரு கண்ணாடியில் நீல மை தடவி, அதில் வைத்து எடுப்பார். மை பட்ட இடம் மேடு, படாத இடம் பள்ளம். திரும்பவும் தேய்ப்பு. இப்படி ஆறு கிழமை!

"இடையில சூடு கடத்துற பசை பூசுறனீங்கள்தானே, அண்ணை? அது பள்ளத்தை நிரப்பாதோ?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"முகத்தில குழி விழுந்தவன் பவுடரை அள்ளி அப்பினால் வடிவாயிடுவானோ? போம், போய்ப் படிப்பியும்!"

வைத்தியர் சொன்ன இரண்டு மாதமும் முடிந்த அன்று எனக்கு விசர் ஏறியது. நேரே போய்க் கத்தினேன்.

"நீங்கள் மட்டம் பாத்து முடிய நான் ஊமையாப் போயிடுவன்! இப்பவே பூட்டித் தாங்கோ!"

மிச்சமிருந்த குரலெல்லாம் அதோடு செலவாகிவிட்டது. அவர் மூச்சு வாங்க வாங்கத் துளை போட்டார், ரான்சிஸ்ரரைப் பூட்டினார், பெட்டியை என் கையில் திணித்தார். "கொண்டு போம்! இனி இந்தப் பக்கம் வரப்படாது!"

வகுப்பில் கால் மணித்தியாலம் சொர்க்கம். கடைசி வாங்குப் பெடியள் அன்றுதான் முதன்முறையாக நான் சொன்னதை எழுதினார்கள். பிறகு ஒரு கரகரப்பு, அதன் பின்னால் எரிந்த மணம்.

மணம் வீதியைக் கடக்குமுன் அடிமட்டத்தார் வந்துவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் பெட்டியைக் கழற்றினார். ஏசப்போகிறார், திருப்பி ஏச எனக்குக் குரலில்லையே என்று கொதித்துக்கொண்டு நின்றேன். அலுமினியத்தில் அடிமட்டத்தை நிறுத்தினார். இம்முறை எனக்கே வெளிச்சம் தெரிந்தது. துளைத்தபோது துளையின் வாயில் ஒரு பிசிறு எழும்பி, ரான்சிஸ்ரர் முழுதாகப் படியாதபடி தூக்கிப் பிடித்திருக்கிறது. தேய்த்த ஆறு கிழமையும் வீண்.

"பிழை என்ரை" என்றார் பிள்ளைகளிடம். "ஓட்டை போட்டாப்பிறகு மட்டம் பாக்கேல்லை. உந்த மாஸ்ரர் நாய் மாதிரிக் குலைச்சவர், குடுத்திட்டன்."

மன்னிப்புக் கேட்கும்போதும் அந்த வாயைப் பாருங்கள்!

விடுவிடென்று வீட்டுக்குப் போனவர், துணியில் சுற்றிய வேறொரு அம்பிளிபயரோடு வந்தார். வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துத் தனக்கென்று கட்டியது. பின்னேரங்களில் அதில்தான் பாட்டுக் கேட்பார். மனைவியைக்கூடத் தொட விடமாட்டார். வயர்களைப் பூட்டிவிட்டு மைக்கை நீட்டினார்.

"கதையும்."

மெல்லக் கதைத்தேன். கடைசி வாங்கில் பேனைகள் எழுதத் தொடங்கின.

இரண்டு மாதத்தில் என் குரல் திரும்பிவிட்டது. நன்றியோடு பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"ஆர் கேட்டது? கொண்டு போம்!" என்று என் முகத்துக்கு நேரே படலையைச் சாத்தினார். நன்றி சொல்லக்கூட விடாத மனிதரை என்ன செய்வது? எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

வேலிக்கு மேலால் அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ, மாஸ்ரர். உங்கடை வகுப்புத் தொடங்கினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்திடுவார். மெசின் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறாராம். பாட்டுக் கேட்ட மனிசன் இப்ப ரசாயனம் கேக்கிறார். நேற்று ஏதோ விளங்கேல்லை எண்டு சாப்பிடவுமில்லை."

அடுத்த நாளிலிருந்து அதே மைக்கில் கஷ்டமான இடங்களை இரண்டு தரம் சொன்னேன். பிள்ளைகளுக்கு முதல் தரமே விளங்கியிருந்தது.