பின்னட்டையில் ஒன்பதாவது பெயர்

"குடும்பத்தையும் உறவையும் பற்றிக் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுகிறவர்" என்று மேடையில் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். அடக்கமாவது ஒன்றாவது. என் முதல் புத்தகத்தின் பின்னட்டை ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் பட்டுத்தறி போட்டிருந்த குடும்பத்துக்கு நான் மூத்த மருமகள். மாமனார், மாமியார், கணவர், நான், எங்கள் பிள்ளைகள் இரண்டு, கொழுந்தன், அவர் மனைவி, கணவரின் தங்கை கலாவதி என்று வீட்டில் ஒன்பது பேர். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது வாய்க்கு வந்ததைப் பாடுவேன். "எழுதி வைங்க அண்ணி" என்று நோட்டு வாங்கிக் கொடுத்தவள் கலாதான். அந்த நோட்டில் முதல் பாட்டு இது:

எங்கள் வீட்டில் எத்தனைபேர்?
எண்ணிச் சொன்னால் ஒன்பதுபேர்!
ஒன்றாய் உட்கார்ந்து உண்கையிலே
ஒருவர் குறைந்தால் பசிக்காதே!

அதன் பிறகு கலா, கண்ணமங்கலத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். "இனிமே இந்த வூட்டுல அவ பேர யாரும் எடுக்கக் கூடாது" என்றார் மாமனார். யாரும் எடுக்கவில்லை. நான் ஒரு படி மேலே போனேன். நோட்டைப் பிரித்து 'ஒன்பது' என்பதை அடித்துவிட்டு 'எட்டு' என்று எழுதினேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த வேலை. புத்தகம் போட வேண்டும் என்றால் மாமனாரின் சம்மதம் வேண்டும், அதற்காகத்தான். (எண்ணி, எட்டு என்று மோனை முன்பைவிட நன்றாக விழுந்ததில் ஒரு திருப்தி வேறு. கவிஞர்களை நம்பவே கூடாது.)

இரண்டு வருடம் கழித்து அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் ஊர் பிரஸ்காரர் சம்பந்தம் அதுவரை புத்தகம் போட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, அதை விட்டால் கோயில் நோட்டீஸ். வெளியீட்டு விழா சேவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். பிரஸ்காரர் புத்தகக் கட்டுகளோடு நேராக அங்கேயே வந்து இறங்கினார். ஒரு பிரதியை ஆசையாக எடுத்தேன். விரல் மஞ்சளானது. எல்லாப் புத்தகத்திலும் நான்கு மூலையிலும் மஞ்சள்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"மொத புக்கு இல்லம்மா. மங்களகரமா இருக்கட்டும்னு ராவெல்லாம் குந்திகினு நானே தடவினேன்."

மஞ்சளைத் துடைப்பதா வேண்டாமா என்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குள் விழா தொடங்கிவிட்டது.

முன்வரிசையில் எங்கள் குடும்பம். மாமனார் வெள்ளை வேட்டியில் மிடுக்காக உட்கார்ந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகம். தலைமை ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் என் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடி முடித்ததும் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், பாட்டுல எட்டுப் பேருன்னு போட்டுக்குது. பின்னாடி ஒன்பது பேரு இருக்காங்க."

"எங்க, படி பாக்கலாம்" என்றார் தலைமை ஆசிரியை.

அவள் பின்னட்டையைப் படித்தாள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தொடங்கி மாமனார் பெயர், மாமியார் பெயர் என்று வரிசையாக வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் விரல் மடக்கினார்கள். ஒன்பதாவதாக, கணீரென்று, "செல்வி கலாவதி" என்றாள்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். மாமனாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாமியார் தன் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன்.

"அது வந்து... அச்சுப் பிழை" என்றேன்.

ஒரு மனுஷியை, எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவளை, மைக்கில் அச்சுப் பிழை என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

கடைசி வரிசையிலிருந்து சம்பந்தம் எழுந்தார். தொழிலைக் குறை சொன்னால் அவர் பொறுக்க மாட்டார். "பிழையெல்லாம் கிடையாதும்மா. கடைசிப் பக்கம் காலியா இருந்திச்சி. ஒங்க புள்ளைங்க காதுகுத்துப் பத்திரிகை நம்ம பிரஸ்லதான் அடிச்சது, அதப் பாத்து வூட்டு ஆளுங்க பேரெல்லாம் போட்டேன். ஒரு பேரு உட்டாக்கூட பேஜாராப் பூடும்னு ரெண்டு தபா சரி பாத்தேன்."

அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. "அப்போ பாட்டுதான் தப்பா டீச்சர்?"

விழா எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி இந்த வீட்டில் பேனாவைத் தொடக்கூட முடியாது என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "பேனா குடு" என்றார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. புத்தகத்தை மடியில் வைத்து, 'எட்டு' என்பதை அழுத்தி அடித்து, மேலே 9 என்று பெரிதாக எழுதினார்.

"இத கலாவுக்குக் குடுத்தனுப்பு. நீ எழுதனத அப்டியே பாத்தான்னா அவளுக்குச் சோறு எறங்குமா?"

மாமனார் கூடத்தில்தான் இருந்தார். மாமியார் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். மாமனார் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். வெட்கத்தால் பாதி, நிம்மதியால் பாதி.

பொங்கலுக்குக் கலா கணவரோடு வந்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் இலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "மருமவளே, பத்து ஆச்சே. பாட்ட மாத்து" என்றார். கலா வந்ததற்கு அவர் சொன்ன வரவேற்பே அதுதான்.

அதற்கப்புறம் புத்தகம் நான்கு பதிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை வேறு. மோனை எப்போதோ போய்விட்டது. "எங்க வூட்டு மருமவளுக்குப் பாட்டு வரும், கணக்கு வராது" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கலா அதோடு விடுவதில்லை. என் விழா எதுவானாலும் முன்வரிசைக்கு வந்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் போதும், நான் மேடையில் இருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொல்வாள்.

"நான்தாங்க அந்த அச்சுப் பிழை."