பச்சை வரைபடமும் இரண்டு பஸ்ஸும்

எடிசன், நியூ ஜெர்சி

ஈரோடு ஜம்புநாதன் மாமா அவர்களுக்கு, ஜெயபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. நான் பரம சௌக்கியம். உங்கள் பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டியும் டாக்டரிடம் போகாமல், மருந்துக்கடைக்காரர் தரும் மாத்திரையையே விழுங்குவதாக அம்மா சொன்னாள். படித்தவர் செய்கிற காரியமா இது?

மேனேஜரோடு என்ன சண்டை என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு டாக்டர் எட்டுகிற தூரத்தில் இருக்கிறாரா என்று அரசுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் வேலை. பதினைந்து நிமிடத்தில் கிளினிக் போக முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. போட்டேன், மாநிலமே வாழைத்தோப்பு மாதிரி பச்சை. பச்சையான ஊர்களுக்கு நடமாடும் மருத்துவ வேன் இனி வேண்டாம் என்று அரசு முடிவெடுக்க இருந்தது. எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் இருக்கும் லொரெய்ன் கறுப்பினப் பெண்மணி, அறுபது வயது, பிரஷர்காரர். அந்த வேனைத்தான் நம்பியிருக்கிறார். என் திரையை எட்டிப் பார்த்து, "கண்ணு, என்கிட்ட கார் ஏதுடா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் எல்லாரையும் காரில் ஏற்றித்தான் கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு ரோஷம். லீவு போட்டு அவர் வீட்டிலிருந்து அவர்கூடவே கிளினிக்குக்குக் கிளம்பினேன். ஒரு பஸ், நாற்பது நிமிஷம் வெயில்ல நிக்கறது, இன்னொரு பஸ், அப்புறம் நடைபாதையே இல்லாத ரோட்டுல நடை, ஆக ஒண்ணே முக்கால் மணி நேரம். கவுண்டர்ல இருந்தவ, "லேட். இனி ஆறு வாரம் கழிச்சுத்தான்"னுட்டா. லொரெய்ன் கத்தவே இல்லை மாமா, நான்தான் கத்தினேன்.

மறுநாள் பஸ் நேரத்தைப் போட்டுக் கணக்கை ஓட்டினேன். லொரெய்ன் ஊரோடு சேர்த்துப் பாதி வரைபடம் சிவப்பு. மேனேஜர் கஜமுகன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், பதறிவிட்டார்.

"நாளைக்கு அரசாங்கத்துக்கு டெமோ. உந்தச் சிவப்பை ஆர் ஐசே கேட்டது?"

"பஸ்ல போறவங்க. நீங்க கடைசியா எப்பண்ணா பஸ் ஏறினீங்க?"

"கொழும்பில."

"நான் கோயம்புத்தூர்ல. அதான் ரெண்டு பேருக்கும் தோணலை."

இதுதான் சண்டை. சிவப்பையே காட்டினோம். வேன் தப்பித்தது.

உங்களைப் போல வீட்டுக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி இருந்தும் போகாதவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கே போகவும். அத்தைக்கு நமஸ்காரம், வெண்பாவுக்கு என் அன்பு.

தங்கள் மருமகன்,
ஜெயபிரகாஷ்

பி.கு.: வேனைப் பார்க்க வாவென்று லொரெய்ன் கூப்பிட்டார், போனேன். நர்ஸ் சும்மா என் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினார்: நூற்று அறுபத்தெட்டு. "உங்க டாக்டர் யாரு?" என்றார். எனக்குக் கார் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, வீட்டுக்கு எதிர்லயே கிளினிக். நாலு வருஷமா உள்ள போனதில்லை. "உனக்கு என்ன கலர்டா போடுவ?" என்று கேட்டு லொரெய்ன் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சாரதா பெரியம்மா அடுத்த வாரம் இங்கே வருகிறார். உங்க மாத்திரையில ரெண்டு அட்டை குடுத்து விடுங்க.