எண்ணெயும் தாளும் சேராது, மச்சான்

மருதமுனை,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அஷ்ரப் மச்சானுக்கு மஜீட் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நிந்தவூரில் நீங்களும் வீட்டாரும் விதைத்த வயலும் அல்லாஹ்வின் காவலில் இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நான் சுகம். உங்கள் தங்கச்சி சுஹறா என்னைவிடக் கூடுதலான சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் கதைத்தால் அவவுக்குக் கேட்கும்.

மச்சான், நான் நீர்ப்பாசன வேலையில் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, யார் எந்த மடையைக் களவாகத் திறந்தான் என்று கால்தடத்தைப் பார்த்தே சொன்னவன். என் வீட்டுக்குள் நடப்பது எனக்குத் தெரியாதா? என் வீடு என்று எழுதிவிட்டேன். அதுதான் பிரச்சினையே. வீடு உங்கள் வாப்பா கட்டி சுஹறாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. நம் ஊர் வழக்கப்படி நான் ஒரு பெட்டியோடு வந்து ஏறிய மாப்பிள்ளை. என் உம்மாவின் வீடு என் தங்கச்சிக்குப் போய்விட்டது. இங்கிருந்து இறங்கச் சொன்னால் எனக்குப் போக இடமில்லை. நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து, என்னை இறக்கத்தான் ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்று மனதில் படுகிறது.

மத்தியானம் ளுஹர் தொழுததும் அவ பின்னறைக்குள் போய்க் கதவுக்குக் கொண்டி போடுகிறா. பின்னேரம் அஸர் வரை திறப்பதில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டால், "படம் கீறுறன்" என்கிறா. என்ன படம்? "ஒயில் பெயின்ற்." எதில்? "தாள்லதான்." மச்சான், எண்ணெயை, தாளில்! வடை சுற்றிய தாளை ஒருமுறையாவது கையில் பிடித்தவன் இதை நம்புவானா? நானும் விடவில்லை. தேங்காயெண்ணெயில் விரலைத் தோய்த்துப் பழைய பேப்பரில் ஒரு தோணி கீறினேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தோணி பரந்து, பேப்பர் முழுக்கக் கடலாகி, கீழே கிடந்த புது மேசைவிரிப்பிலும் இறங்கிவிட்டது. "இதென்ன வேலை?" என்று அவ கேட்டா. "உன்ட பொய்க்குச் சாட்சி" என்றேன். விரிப்பைத் தூக்கிக்கொண்டு போனவதான், மறுநாள் வரை என்னோடு கதைக்கவில்லை. கள்ளம் இல்லாதவ ஏன் கதைக்காமல் இருக்க வேண்டும்?

அதோடு முடிந்ததா? தறியே இல்லாத எங்கள் வீட்டில், நெசவுகாரர் பாவுக்குப் போடுவதுபோல் கஞ்சி காய்ச்சுகிறா. அதைத் தாளில் பூசிக் காயவைத்து, மேலே ஏதோ வெள்ளைப் பூச்சும் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்காதாம். கொடி நிறையத் தாள் தொங்குகிறது. பக்கத்து வீட்டு நாச்சியா, கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன காக்கா, பப்படம் போடுறீங்களா?" என்று கேட்கிறா. நான் என்னத்தைச் சொல்ல? தூரிகை எந்த மிருகத்தின் மயிரோ, ஹராமோ ஹலாலோ என்று விசாரிக்க வாயைத் திறந்தேன். நைலோன் என்று அச்சடித்த தூரிகையை அதற்கு முன்பே எடுத்து நீட்டினா. கேட்குமுன் பதில் வைத்திருப்பவர்களை மடைக் கள்ளர்களுக்குள் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இதைப் பழக்குவது ஒலுவிலில் இருந்து ஸ்கூட்டியில் வரும் ஹுஸ்னியா என்ற பிள்ளை. அந்தப் பிள்ளை போன கிழமை நான் உட்காரும் கதிரை இருக்கும் மூலையை நாடா பிடித்து அளந்தா. கதிரையை எடுத்தால் நல்ல வெளிச்சம் வருமாம். இரண்டு பேரும் கதைத்ததை என் காதாலேயே கேட்டேன். இன்றைக்குக் கதிரை, நாளைக்குக் கதிரையில் இருப்பவன். அறுகம்பேக்கு அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு அறையை வாடகைக்கு விடப் போகிறாவோ? அறுகம்பே எங்கே, மருதமுனை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அவவிடமே கேட்டேன். "விசர்க் கதை கதைக்காதீங்க" என்றா. இல்லை என்று சொல்லவில்லை, பாருங்கள். கதவில் திறப்புப் போடும் துவாரத்தால் பார்க்கலாம் என்று குனிந்தால் அதற்குள்ளும் துணி செருகியிருக்கிறா.

பகிடிக்கு எழுதவில்லை, மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் விடியுமுன்னே யாராவது வாசலில் வந்து என் பெயரைக் கூப்பிடுவார்கள். இப்போது ஒருவரும் இல்லை. அவவும் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன்? வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து, என்னை என்ன செய்ய யோசனை என்று நேரே கேளுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊருக்கு பஸ் ஓட்டும் றிஸ்மியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தாள் கொஞ்சம் விறைப்பு. வீட்டில் கைக்குக் கிடைத்தது இதுதான், குறை நினைக்க வேண்டாம்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரஹ்மத்தும் பரக்கத்தும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்ற துஆவோடு,

மச்சான் மஜீட்.

பி.கு: காக்கா, இது சுஹறா. இவர் அஸருக்குப் பள்ளிக்குப் போன நேரம் தலையணைக்குக் கீழே இதைக் கண்டேன். கடிதத்தை மறுபக்கம் திருப்புங்கள். அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்த என் படத்தின் முதுகில்தான் மனிசன் இவ்வளவும் எழுதியிருக்கிறார். ஊரையே பிரட்டிப் பார்க்கிறவர் இதை மட்டும் பிரட்டிப் பார்க்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெயாவது இந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கதவைப் பூட்டுவது உண்மைதான். உள்ளே விட்டால் வானத்துக்கு நீலம் கூடிப்போச்சு, கடலுக்குக் காணாது என்று மேற்பார்வை தொடங்கிவிடுவார். அவர் ஓய்வுபெற்ற பிறகு என் காதுக்குத்தான் ஓய்வில்லை.

படத்தில் இருப்பது நம் வீட்டு வாசல். உயிருள்ளதை நான் கீறுவதில்லை, அதனால் இவர் அதில் இல்லை. படியில் இவருடைய செருப்பைக் கீறியிருக்கிறேன். முதலில் அது இல்லாமல்தான் கீறினேன். பார்த்தால் யாரோ பிறத்தியாரின் வீடு போல இருந்தது, காக்கா. என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், விசாரிக்க இல்லை, சாப்பிட. மடித்தால் நிறம் வெடித்துவிடும், அதனால் உருட்டி, நானே றிஸ்மியிடம் கொடுத்தனுப்புகிறேன். வரும்போது கொண்டுவந்து, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி இவர் கையில் கொடுங்கள். இந்த முறையாவது பிரட்டிப் பார்க்கிறாரா என்று பார்ப்போம்.