கைராசி மாப்பிள்ளை

கைராசிக்காரர் என்றொரு இனம் உண்டு. நோயாளி இருக்கும் வீடுகளில் அதிகம் தென்படும். ராத்திரியெல்லாம் கண் விழித்தவர்கள் பல் தேய்க்கப் போகும் நேரமாகப் பார்த்து, குளித்துத் தலை வாரி, கையில் ஒரு பையோடு வந்து நிற்பார்; நின்றதும் காய்ச்சல் இறங்கும், விக்கல் அடங்கும், நேற்றுவரை வாய் திறக்காத நோயாளி பசிக்கிறது என்பார். முன்தினம் கொடுத்த மாத்திரையா? அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

நான் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். படுத்தே கிடந்ததில் மலச்சிக்கல். முகம் சுளிக்காதீர்கள், எல்லாருக்கும் உள்ள குடல்தான். தூங்கப் போகுமுன் மருமகள் மருந்து ஊட்டுவாள். மெதுவான மருந்து, விடிந்துதான் வேலை செய்யும். ஒருநாள் விடிந்ததும் மாப்பிள்ளை வந்தார், ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். பழம் தொண்டையைத் தாண்டியிருக்காது, பெரியவர் பெட்பான் கேட்டார்.

"பாத்தீங்களா மாமா! இயற்கை வைத்தியம்!"

"எல்லாம் உங்க கைராசி, மாப்பிள்ளை."

"ராத்திரி மருந்து குடுத்தேனே, அண்ணா" என்றாள் மருமகள், பெட்பானைத் தூக்கிக்கொண்டே.

"அது ராத்திரிக் கதைம்மா. இது இப்ப நடந்தது" என்றார் மாப்பிள்ளை.

மருந்து நின்றது. பழம் தொடர்ந்தது. சில நாளில் வயிறு பலகையாக இறுகிவிட்டது. பெரியவர் சோற்றைத் தள்ளினார், வியர்த்தார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்தை நிறுத்தியது யார் என்று கத்திவிட்டு, அளவைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். மருமகள் கொடுத்தாள். கொடுத்த கையோடு வலி சுருட்டிப் பிடித்தது.

"பாத்தியா? நீ குடுத்ததும்தான் வலிக்குது!" என்றார் மாப்பிள்ளை. அத்தனை நாள் கொடுத்த பழத்தை யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை மின்சார மீட்டர் பார்ப்பவர் வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றவும், உள்ளே பெரியவர் பெட்பான் கேட்கவும் சரியாக இருந்தது. வயிறு இளகியது. முகம் தெளிந்தது. விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த மருமகளை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நானும் நினைத்தேன்.

"ஏம்மா, அந்த மீட்டர்காரர நாளைக்கும் வரச் சொல்லேன்."

அன்றும் பழத்தோடு வந்து நின்ற மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று.

சிரிக்கிறீர்களா? சரி, போன தடவை உங்கள் தலைவலி எதனால் நின்றது? நிதானமாகச் சொல்லுங்கள். கடைசியாக என்ன குடித்தோம் என்றுதானே யோசிக்கிறீர்கள்?