காப்புக் கட்டிய பாடகர்

நாற்பத்தெட்டாவது வயதில் மணிகண்டராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் பாட்டுக் கேட்பதில்லை. பாடுவது.

சிவகாசிக்காரர்கள் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெடிச் சத்தத்துக்குப் பழகிய காதுகள். ஆனால் குளியலறையில் அவர் நாலு நாள் ஒத்திகை பார்த்ததும் பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யோகு, அண்ணாச்சிக்குப் பல்லுவலியா? கிராம்புத் தைலம் தரட்டா?"

"பல்லுவலி இல்லக்கா. பாட்டு" என்றாள் அவர் மனைவி யோகேஸ்வரி.

"அய்யய்யோ, அதுக்குத் தைலம் கெடையாதே!" என்று தலை உள்ளே போனது.

மணிகண்டராஜ் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் சின்ன பிரஸ் ஒன்றின் முதலாளி. அது வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை சாயந்தரமானால் அவர் ரசிகர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, துண்டில் அத்தர். நல்லசிவத்தின் கார் வாசலில் வந்து நிற்கும். கூட இன்னும் இரண்டு நண்பர்கள், முத்துக்கிருஷ்ணனும் ஜெயமுருகனும். ஆனைக்குட்டமோ, அச்சங்குளமோ, மல்லாங்கிணறோ, எந்த ஊரில் கோயில் கொடை, எந்த ஊரில் பொங்கல் என்று விசாரித்து, மெல்லிசை மேடை எங்கே போட்டிருக்கிறதோ அங்கே முன்வரிசையில் நாலு நாற்காலியைப் பிடித்துவிடுவார்கள்.

அதற்கப்புறம் நடப்பதைத்தான் அவர்கள் ரசனை என்று சொல்லிக்கொண்டார்கள். முத்துக்கிருஷ்ணன் விசிலடிப்பார். ஜெயமுருகன் முழுக் கச்சேரியையும் செல்போனில் படம் பிடிப்பார். பிடித்ததை ஒரு நாளும் பார்க்க மாட்டார். நல்லசிவம், போன வாரக் கச்சேரி இதைவிட நல்லா இருந்தது என்பார். போன வாரமும் அதையே சொன்னவர். மணிகண்டராஜ் மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். "அடுத்து, சிவகாசி மணிகண்டராஜ் அண்ணாச்சி விரும்பிக் கேட்ட பாடல்" என்று மைக்கில் சொன்னதும் எழுந்து நின்று, திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுவார். எழுதியவன், மெட்டுப் போட்டவன், தொண்டை கிழியப் பாடுகிறவன் எல்லாம் யாரோ கூலியாட்கள். கேட்டவர் இவர். பாட்டு ஆரம்பித்ததும் நாலு பேரும் பேச ஆரம்பிப்பார்கள். பாட்டு முடியும்போது கைதட்டுவார்கள்.

கல்யாணமான புதிதில் யோகேஸ்வரி ஒரு தடவை கேட்டாள்.

"என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"கார்ல எடம் இல்ல."

"நாலு பேருதான போறீக?"

"அஞ்சாவது சீட்டுல புரோட்டாப் பார்சல் வரும்."

"பார்சல மடியில வச்சுக்கிட்டா?"

"விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா, யோகு. மடியில வச்சா வேட்டி வீணாப் போயிரும்ல?"

அவள் மறுபடி கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தப் புரோட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் வந்தது.

அந்தப் புதிதில் அவள் அடுப்படியில் பாடுவாள். அவள் பாடினால் எதிர்வீட்டில் பட்டாசுக்குத் தாள் மடித்துக்கொண்டிருக்கும் பெண்களின் கை ஒரு கணம் நிற்கும். ஒரு நாள் மணிகண்டராஜ் கூடத்திலிருந்து, "அங்கன என்ன சத்தம்? டி.வி. கேக்கல" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டாள். நிறுத்தியது அவருக்குத் தெரியவில்லை. பாட்டுக் கேட்பதற்காகவே பெட்ரோல் போட்டு ஊர் ஊராக அலைகிறவருக்கு வீட்டில் ஒரு பாட்டு நின்றுபோனது தெரியவில்லை.

போகட்டும். அவர் எடுத்த அந்த முடிவுக்கு வருவோம்.

கந்தகக் குயில்கள் இன்னிசைக் குழு என்று ஒன்று. அதன் தலைவர் பாண்டிராஜ், மல்லாங்கிணறு வைகாசிப் பொங்கல் கச்சேரிக்குப் போஸ்டர் அடிக்க வந்தார். வந்தவர், "அண்ணாச்சி, போஸ்டரு உங்க உபயமா இருக்கட்டும். ஒரு பாட்டு நீங்க பாடுங்க" என்று சொல்லிவிட்டார். மணிகண்டராஜுக்குக் கண் கலங்கியது. அன்றைக்கே மெஷினை ஓட்டினார். குழுவின் பாடகர்கள் எல்லாம் போஸ்டரில் தபால்தலை அளவு. 'சிறப்புப் பாடகர் சிவகாசி மணிகண்டராஜ்' பப்பாளிப்பழ அளவு. முதல் நூறு தாளில் கலர் விலகி அவருக்கு இரண்டு வாய் விழுந்துவிட்டது. அதை ஓரமாகப் போடச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

"ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கே வந்துருங்க. பகல் பூரா ஒத்திகை" என்றார் பாண்டிராஜ்.

அங்கேதான் சிக்கல். அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு விருதுநகரில் யோகேஸ்வரியின் தம்பி மகள் கீர்த்திகாவுக்குப் பூப்புச் சடங்கு. அத்தையும் மாமாவும் சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டும். கச்சேரியில் பாடப் போகிறேன், சடங்குக்கு வரவில்லை என்று சொன்னால் மனைவி வழி உறவு முழுக்கச் சிரிக்கும். அதைவிட மோசம், வண்டி பிடித்து மல்லாங்கிணறுக்கே வந்து சிரிக்கும்.

இரண்டு நாள் யோசித்தார். திங்கட்கிழமை காலையில் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு காப்பி குடிக்க வந்தார். பிரஸ்ஸில் காலண்டர் கட்டுகிற நூல். மஞ்சள் அவள் அடுப்படியில் எடுத்தது.

"என்ன கையில?"

"காப்பு. கனவுல அம்மா வந்தா."

"உங்க அம்மாவா?"

"நம்ம தெருக் காளியம்மாடீ! 'மணிகண்டா, இந்த வருசப் பொங்கலுக்கு எனக்குக் காப்புக் கட்டு'ன்னா."

"பேரச் சொல்லியா கூப்ட்டா?"

"பின்ன? ஆனா ஒரு சங்கடம் யோகு. காப்புக் கட்டுனவன் சடங்கு வீட்டுல கால் வைக்கப்படாது. தீட்டு."

"ஆமா. வைக்கப்படாது."

மணிகண்டராஜ் நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்குப் பதில்கள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஒங்களுக்கு வந்தது பெரிய பாக்கியம். நான் போயி நின்னுக்கிடுறேன்" என்றாள் யோகேஸ்வரி. காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். "நூலு மட்டும் காலண்டர் நூலு மாதிரி இருக்கு."

"எல்லா நூலும் ஒரே மில்லுதான" என்றார் மணிகண்டராஜ். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய வாசலில் கொட்டுச் சத்தம். கதவைத் திறந்தால் தெருப் பெண்கள் நாற்பது பேர். குலவை காதைத் துளைத்தது. முன்னால் வேப்பிலையும் தட்டுமாகச் சங்கிலிமுத்துப் பூசாரி.

"அண்ணாச்சி, வீட்டம்மா வந்து சொன்னாக. ஒடம்பு சிலுத்துப் போச்சு. அம்பது வருசமா பூச பண்றேன், என் கனவுல அவ வந்ததில்ல."

"அது... நானே கட்டிக்கிட்டேனே."

"தானாக் கட்டுனா அது கயிறு. நாங் கட்டுனாத்தான் காப்பு."

காலண்டர் நூலைப் பூசாரி அரிவாள் முனையால் அறுத்து எறிந்தார். மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டார். திருநீற்றை அள்ளி நெற்றி முழுக்கப் பூசினார்.

"எட்டு நாளு. ஒரு நேரக் கஞ்சி. வெறுந்தரையில படுக்க. விடியமுன்ன பச்சத்தண்ணியில குளிக்க. எட்டாம் நாளு அக்கினிச்சட்டி. இதெல்லாங்கூட முன்னப்பின்ன இருந்தாப் பொறுத்துக்கிடுவா. எல்ல தாண்டுனா மட்டும் பொறுக்க மாட்டா."

"எந்த எல்ல?"

"ஊர் எல்லதான். வடக்க ரயில்வே கேட்டு, தெக்க கம்மாக்கர. காப்பு அவுக்கற வரைக்கும் அங்கிட்டுக் கால் வைக்கப்படாது."

"தாண்டுனா?"

பூசாரி கோயில் இருந்த திசையைப் பார்த்தார். நாற்பது பெண்களும் அதே திசையைப் பார்த்தார்கள். யோகேஸ்வரி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தமாக.

விருதுநகர், மல்லாங்கிணறு எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பிரஸ்ஸும் அந்தப் பக்கம்தான். புதன்கிழமை காலையில் யோகேஸ்வரி சாப்பாட்டுத் தூக்கோடு பிரஸ்ஸுக்குக் கிளம்பினாள். "லோடு நிக்குது. நீங்க சாமியக் கும்பிடுங்க" என்றாள்.

கஞ்சியும் தரையும் மணிகண்டராஜை இரண்டு நாளில் பாதியாக்கின. ஆனால் ஆசை பாதியாகவில்லை. நூறு பேர் பார்க்கிற மேடை. மைக். 'பாடல் கேட்டவர்' இல்லை, 'பாடியவர்'. பத்தொன்பது வருஷம் முன்வரிசையில் காத்திருந்ததற்கு ஒரே ஒரு பாட்டு. எல்லை என்பது என்ன, ஒரு தண்டவாளம்தானே? வெள்ளிக்கிழமை சாயந்தரம் துண்டைப் போர்த்திக்கொண்டு சோதித்துப் பார்க்க நடந்தார். கேட்டின் அருகே பூ விற்கிற வெள்ளைத்தாய் ஊசியும் நாருமாக உட்கார்ந்திருந்தாள். அவர் வலது கால் தண்டவாளத்தைத் தொட்டதுதான் தாமதம்.

"அண்ணாச்சி! காலு! காலு!"

எங்கிருந்துதான் வந்தார்களோ, பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள், கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரயில் வருதான்னு பாத்தேன்" என்றார் மணிகண்டராஜ்.

"வந்தா கேட்டு மூடுமே அண்ணாச்சி" என்றாள் வெள்ளைத்தாய். "யோகு அக்கா அப்பவே சொன்னாக. பக்தி முத்திப் போச்சு, காலு எங்க போகுதுன்னு தெரியாம நடப்பாக, பாத்துக்கிடுங்கன்னு."

ரயில்வே கேட்டில் ஒரு பூக்கடை, கம்மாக்கரையில் ஒரு டீக்கடை. ஒரு பேரரசின் எல்லையை இவ்வளவு சிக்கனமாக யாரும் காவல் காத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்கள் காரோடு வந்தார்கள். பாடகரை அள்ளிப்போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம். வாசலில் பட்டுப்புடவையோடு யோகேஸ்வரி நின்றாள். காலடியில் ஏழு சீர்த்தட்டு.

"வாங்கண்ணே. மல்லாங்கிணறுக்குத்தான போறீக? விருதுநகர் வழிதான?"

நல்லசிவம் மணிகண்டராஜைப் பார்த்தார். மணிகண்டராஜ் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஆமா தங்கச்சி" என்றார் நல்லசிவம்.

"பஸ்ஸுல தட்டத் தூக்கிட்டுப் போக முடியாதுண்ணே. எறக்கி விட்டுருங்க. அங்கனயே சாப்பிட்டுட்டுப் போகலாம், கறிச்சோறு." அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மணிகண்டராஜ் வழக்கமாக உட்காரும் இடம். கண்ணாடியை இறக்கினாள். "கஞ்சி அடுப்புல இருக்கு. பொழுதடையக் குடிங்க. ஊறுகா அலமாரில."

கார் போனது. ரயில்வே கேட்டை ஒரு தடையும் இல்லாமல் தாண்டியது.

பொழுதடைந்தது. மணிகண்டராஜ் ஊறுகாய் எடுக்க அலமாரியைத் திறந்தார். ஜாடியைத் தூக்கினார். ஜாடிக்கு அடியில் அவரே இருந்தார்.

சிவகாசி வீடுகளில் அலமாரித் தட்டுக்குக் கடையில் தாள் வாங்குவதில்லை. பிரஸ்ஸில் வீணாகும் தாள்தான் விரிப்பு. மாதாமாதம் ஒரு கட்டு வீட்டுக்கு வந்துவிடும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே மணிகண்டராஜ்தான். இரண்டு வாயோடு சிறப்புப் பாடகர் தட்டு முழுக்க வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தேதி, இடம், நேரம். கழுத்தைச் சுற்றி எண்ணெய் வளையம். எண்ணெய் நன்றாக ஊறியிருந்தது. அம்மன் கனவில் வருவதற்கு முன்பே ஊறியிருக்க வேண்டும்.

செல்போன் அடித்தது. நல்லசிவம், வீடியோவில். திரையில் விளக்கு, கூட்டம், மேடை. பாண்டிராஜ் மைக்கில் முழங்கினார்.

"நம்ம சிறப்புப் பாடகர் சிவகாசி மணிகண்டராஜ் அண்ணாச்சி காளியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பதால் எல்லை தாண்ட முடியவில்லை! அவருக்குப் பதிலாக, சாயந்தர ஒத்திகையில் எங்களையே அசத்திய அவர் துணைவியார்!"

பட்டுப்புடவை மைக் முன்னால் வந்து நின்றது. கண்ணை மூடியது. பாடியது.

அடுப்படியில் கேட்ட அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது, கொஞ்சம் ஆழ்ந்திருந்தது; பத்தொன்பது வருஷம் மூடிவைத்ததில் ஒரு சுருதிகூடக் கெட்டுப்போகவில்லை. மணிகண்டராஜ் வெறுந்தரையில் உட்கார்ந்து தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். பக்கத்தில் பேச ஆள் இல்லை. கஞ்சி ஏடு கட்டிவிட்டது.

கூட்டம் மறுபடி பாடச் சொல்லிக் கத்தியது. முத்துக்கிருஷ்ணனின் விசில் தனியாகத் தெரிந்தது. நல்லசிவத்தின் முகம் திரைக்குள் வந்தது.

"மாப்ள, கேட்டியா? நாங்க மூணு பேரும் வாயே தொறக்கலலே! அடுத்த ஞாயித்துக்கெழம அச்சங்குளம். தங்கச்சி அங்கனயும் பாடுது. பாண்டிராஜு பேசி முடிச்சுட்டாரு."

மணிகண்டராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புதன்கெழம காப்ப அவுத்துருவாக. நானும் வாரேன்."

அந்தப் பக்கம் பின்னாலிருந்து யோகேஸ்வரி ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

"எடம் இல்லையே மாப்ள" என்றார் நல்லசிவம்.

"என்னலே எடம் இல்ல? நீங்க மூணு பேரு, அவ ஒருத்தி. அஞ்சாவது சீட்டு?"

"புரோட்டாப் பார்சல் மாப்ள. மடியில வச்சா தங்கச்சி பட்டுச்சேல வீணாப் போயிரும்ல?"