காய்ந்தால் தெளியும்

டிரேயில் மிதந்த குடை ரிப்பேர்க்காரருக்கு முகம் இல்லை. குடை இருந்தது, ஊசி பிடித்த கை இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பல் டாக்டர் சிவப்பு பல்பின் கீழே குனிந்து அவரையே பார்த்தார். காலையிலிருந்து இது ஏழாவது குடைக்காரர். ஏழு பேரிலும் மூக்கு எது, மீசை எது என்று தெரியவில்லை.

“ஏங்க,” என்று குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது. “இன்னிக்கு குளிக்க விடுவீங்களா, மாட்டீங்களா?”

“கதவைத் தொடாதே. போட்டோ தாள் வெளிய இருக்கு.”

“தாள் உள்ளதான் இருக்கு. நான்தான் வெளிய இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக் குளியலறை இருட்டறையாகிவிடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாளிகளின்மேல் பலகை, பலகையின்மேல் மூன்று டிரே. மூலையில் என்லார்ஜர். நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் அந்த எந்திரம் மாமனார் விட்டுப்போனது. மாமனார் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் போட்ட படத்தில் கல்யாணப் பெண்ணின் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்று பேர் வாங்கியவர். அவர் காலமானதும் எந்திரம் இந்த வீட்டுக்கு வந்தது, கூடவே மாமியாரும் வந்தார். மாமனாரின் கைராசியும் அதே வண்டியில் வந்து தன்னிடம் இறங்கிவிட்டதாக டாக்டர் நம்பினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே குடை தைக்கும் இந்தக் குடைக்காரர் படத்துக்குத்தான் போன மாதம் போட்டோ கிளப்பில் முதல் பரிசு.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டாம் பரிசு வாங்கிய கணக்கு வாத்தியார் படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “இது இவர் போட்ட பிரிண்ட் இல்ல. யாரோ போட்டுக் குடுத்தது,” என்று சொல்லிவிட்டார். கிளப் விதிப்படி பிரிண்டையும் போட்டியாளரே தன் கையால் போடவேண்டும்.

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தவர் பிடுங்கிய பல்லைத் தான் பிடுங்கியதாக ஒருநாளும் சொன்னவர் இல்லை அவர். “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னால அதே படத்தைப் போட்டுக் காட்டறேன். படம் சரியா வரலேன்னா பரிசைத் திருப்பிக் குடுத்துட்டு கிளப்பை விட்டே போயிடறேன்,” என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது மணி பதினொன்று.

முதல் பிரிண்ட் மங்கலாக வந்தபோது அவர் கலங்கவில்லை. ஈரத்தில் மங்கலாகத்தான் இருக்கும், காய்ந்தால் தெளியும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. ஒவ்வொரு ஞாயிறும் பிரிண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் எடுத்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவார். திரும்பி வந்து பார்த்தால் படம் பளிச்சென்று தொங்கும்.

மாமியார் ஒரு வாரமாக மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். அதனால் இன்று மனைவியின் ஹேர் டிரையரை வைத்துத் தானே காயவைத்தார். காய்ந்தது. தெளியவில்லை. ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது.

“அப்ப லென்ஸ்தான் கெட்டுப்போச்சு,” என்று முடிவுக்கு வந்தார்.

தாள் டப்பாவை மூடி, வெள்ளை விளக்கைப் போட்டு, லென்ஸை எந்திரத்திலிருந்து கழற்றினார். கண்ணாடியில் ஒரு தூசி. பனியன் நுனியால் துடைத்தார். தூசி போன இடத்தில் எண்ணெய்ப் பசை வந்து உட்கார்ந்தது. கிளினிக் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். பசை கண்ணாடி முழுக்கப் பரவியது. உள்ளேயும் இறங்கியிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் பிடுங்கிப் பார்த்துவிடுவதுதான் அவர் தொழில்.

குறட்டால் வளையத்தைத் திருகினார். மூன்று கண்ணாடிகள் வெளியே வந்தன. எது முதல், எது நடு, எது கடைசி என்று மனப்பாடம் செய்தபடியே அவற்றைத் துண்டின்மேல் வரிசையாக வைத்தார்.

தாள் நீக்கியிருந்த கதவு லேசாகத் திறந்தது. “குளியல்தான் இல்ல, முகமாவது கழுவிக்கறேன்,” என்று மனைவி இடுக்கு வழியாகக் கையை விட்டுத் துண்டை உருவினாள்.

மூன்று கண்ணாடிகளும் மூன்று திசையில் உருண்டன. ஒன்று தண்ணீர் போகும் துவாரத்தின் விளிம்பில் போய் நின்றது.

“அதுல என்னங்க இருந்துச்சு?”

“என் மானம் இருந்துச்சு.”

பொறுக்கி எடுத்து மாட்டினார். பல்லைப் பிடுங்குவதற்கும் அதே பல்லைத் திரும்ப நடுவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரிந்தது. எட்டாவது குடைக்காரருக்கு முகம் வந்தது, குடை கூழாகிவிட்டது. நடுக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார். ஒன்பதாமவருக்குக் குடை வந்தது, முகம் கூழாகிவிட்டது. கடைசிக் கண்ணாடியையும் திருப்பிவிட்டு வளையத்தை இறுக்கினார். பத்தாமவர் பாதி ஆள் தெளிவாகவும் பாதி ஆள் புகையாகவும் வந்தார். வளையம் கோணலாகப் போயிருந்தது. சரிசெய்யலாம் என்று இன்னும் ஒரு திருகு திருகினார். அதோடு அது முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சிக்கிக்கொண்டது.

“அம்மாகிட்ட கேளுங்களேன்,” என்றாள் மனைவி. “காயப்போடறது அவங்கதானே.”

ஒருவேளை லென்ஸ்மேல் தப்பில்லை, காயவைப்பதில்தான் ஏதோ பக்குவம் இருக்கிறது. போனை எடுத்தார். “அத்தை, படத்தை எப்படிக் காயப்போடுவீங்க? நிழல்லயா, வெயில்லயா?”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

“லென்ஸைக் கழட்டிட்டீங்களா?” என்றார் மாமியார்.

“நான் காயப்போடறதைக் கேட்டேன்.”

“இனிமே எதையும் கழட்டாதீங்க மாப்பிள்ளை. நான் பஸ் ஏறிட்டேன். வந்துடறேன்.”

டாக்டர் போனையே பார்த்தார். “உங்கம்மாவுக்குக் காதைக் காட்டணும். நான் ஒண்ணு கேட்டா அவங்க ஒண்ணு சொல்றாங்க. இதுல தாளும் தீரப்போகுது. நூறு தாள் டப்பா எனக்கு எப்பவும் எழுபதுலயே முடிஞ்சுடுது. கடைக்காரன் குறைச்சு வைக்கிறான்.”

“சீல் வெச்ச டப்பாவுல எப்படிங்க குறைப்பான்?”

“அதுதான் எனக்கும் புரியல.”

சரியாக நாலு மணிக்குக் கிளப் செயலாளரும் கணக்கு வாத்தியாரும் வந்தார்கள். செயலாளர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். வாத்தியார் குழாயடியில் கைகட்டி நின்றார். பதினொன்றாவது குடைக்காரர் டிரேயில் மெல்ல எழும்பி வந்து, பாதியிலேயே நின்றுவிட்டார்.

“இது யாரு டாக்டர்?” என்று வாத்தியார் பணிவாகக் கேட்டார்.

“லென்ஸ் சரியில்ல.”

“போன மாசம் சரியா இருந்துச்சு போல.”

பொய் சொல்லி மாட்டியிருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பரிசுக் கேடயம் கூடத்து அலமாரியில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வரத்தான் கதவைப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது. “தாளை டப்பாவுல வெச்சு மூடிட்டீங்களா?” என்றது மாமியாரின் குரல். “உள்ள வரேன்.”

டாக்டர் மூடினார். மாமியார் உள்ளே வந்து, பின்னாலேயே கதவைச் சாத்தினார். டிரேயை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொண்டார்.

பிறகு லென்ஸைக் கழற்றி, கைக்குட்டையைச் சுற்றி, ஒரு அமுக்கு அமுக்கி இடப்பக்கம் திருப்பினார். சிக்கியிருந்த வளையம் தானாகக் கையோடு வந்தது. மூன்று கண்ணாடிகளையும் உள்ளங்கையில் கொட்டி, ஓரத்தைப் பிடித்தே புடைப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒன்றை மட்டும் திருப்பி, தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்த மெல்லிய துணியால் துடைத்து உள்ளே இறக்கினார். லென்ஸை எந்திரத்தில் பூட்டினார். எந்திரத்தின் கழுத்துத் திருகை இறுக்கினார். அது இத்தனை நாளாகத் தளர்ந்து கிடந்தது என்பதே டாக்டருக்கு இப்போதுதான் தெரிந்தது. கடைசியாக, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எண் வளையத்தைப் பார்க்காமலேயே திருப்பினார். டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம் கேட்டதும் நிறுத்தினார்.

வாத்தியாரின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. செயலாளர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அத்தை,” என்றார் டாக்டர், பையை அணைத்துக்கொண்டு. “லென்ஸ்லதான் ஏதோ கோளாறு.”

“உங்க மாமாவும் இப்படித்தான் மாப்பிள்ளை, ஸ்டூடியோவை மூடற வரைக்கும் லென்ஸையே குறை சொல்லிட்டிருந்தாரு,” என்றார் மாமியார். “கொஞ்சம் நகருங்க, தாளை எடுக்கணும்.”